வாசகர் கேள்வி – பதில்: ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில் ‘நான்’ என்பவன் யார்?

மேரி ஷெல்லி எழுதி 1818ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறேன். நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். ஜெனீவாவைச் சேர்ந்த விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன், ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் பயிலும் நாட்களில், இறந்த உடல்களிலிருந்து எடுத்த உறுப்புகளைச் சேர்த்து ஏறத்தாழ 8 அடி உயரமுள்ள ஓர் உருவத்தைச் செய்து அதற்கு உயிர் கொடுக்கிறான். அது கண் திறந்ததும் அதன் தோற்றத்தைக் கண்டு அருவருத்து ஓடிவிடுகிறான். கைவிடப்பட்ட அந்தப் படைப்பு மனிதரிடம் அன்பை நாடுகிறது, எங்கும் விரட்டப்படுகிறது, இறுதியில் விக்டருக்கு வேண்டியவர்களை ஒருவர்பின் ஒருவராகக் கொல்கிறது.

கேள்வி: ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அந்த அரக்கனின் பெயர் என்றே நினைத்திருந்தேன். நாவலில் அவனுக்குப் பெயரே இல்லை என்று நண்பர் சொல்கிறார். ஆசிரியர் ஏன் பெயர் வைக்கவில்லை?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரி. விக்டர் அவனைப் பிசாசு என்றும் அரக்கன் என்றும் ஏசுகிறானே தவிர, ஒருமுறைகூடப் பெயரிட்டு அழைப்பதில்லை. 1823இல் இந்தக் கதை லண்டனில் நாடகமாக மேடையேறியபோது, நடிகர் பட்டியலில் அந்தப் பாத்திரத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தார்கள். நாடகத்தைப் பார்த்த மேரி ஷெல்லி, பெயரிட முடியாதவனைக் குறிக்க இது நல்ல வழிதான் என்று ஒரு கடிதத்தில் பாராட்டி எழுதினார். ஆகவே பெயரின்மை அவர் அறிந்தே செய்தது என்பதில் ஐயமில்லை.

அதன் பொருள் நாவலுக்குள்ளேயே ஓரிடத்தில் விளங்குகிறது. காட்டோரக் குடிசை ஒன்றில் வாழும் தெ லேசி குடும்பத்தாரை, அவர்கள் அறியாமல் ஒட்டுக் கொட்டகையில் ஒளிந்திருந்து கவனிக்கும்போது, அவன் முதன்முதலாகச் சொற்களைக் கற்கிறான். நெருப்பு, பால், ரொட்டி, விறகு என்பவற்றுக்குப் பிறகு அவன் கற்பவை மனிதரைக் குறிக்கும் சொற்கள். முதியவருக்கு ஒரே பெயர், அது அப்பா. இளம்பெண் அகதா என்றும் தங்கை என்றும் அழைக்கப்படுகிறாள். இளைஞனுக்கோ ஃபெலிக்ஸ், அண்ணன், மகன் என்று மூன்று பெயர்கள். ஒருவருக்குப் பெயர் என்பது பிறர் அவரைத் தமக்கு உரியவராகக் கொள்வதால் வருகிறது என்பதை மேரி ஷெல்லி இங்கே விளக்கவுரை ஏதுமின்றிக் காட்டிவிடுகிறார். தன்னை அழைக்க எவருமில்லாதவனுக்குப் பெயரும் இல்லை.

கேள்வி: இது அடிப்படையில் ஒரு திகில் கதை. ‘நான் யார்’ என்னும் தத்துவக் கேள்வியை விமர்சகர்கள் இதில் வலிந்து திணிக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

பதில்: வலிந்து திணிக்க வேண்டிய தேவை இல்லை, அந்தக் கேள்வியை அவனே அதே சொற்களில் கேட்கிறான். நான் யார், நான் என்ன, எங்கிருந்து வந்தேன், எங்கே போய்ச் சேர்வேன் என்று குடிசையருகே ஒளிந்திருந்த நாட்களில் தன்னைத்தானே கேட்டுக்கொண்டதாக அவன் சொல்கிறான். கோதிக் எனப்படும் திகில் கதைகளில் அச்சமூட்டும் உருவங்கள் வாய் திறந்து தம் பிள்ளைப் பருவத்தை விவரிப்பது அரிது. இந்த நாவலிலோ, இன்று பரவலாகக் கிடைக்கும் 1831ஆம் ஆண்டுப் பதிப்பின் கணக்கில் 11 முதல் 16 வரையிலான ஆறு அத்தியாயங்களை, புத்தகத்தின் நட்டநடுவில், அவனே ‘நான்’ என்று தன்மையில் சொல்கிறான்.

விக்டரின் கதை எப்படித் தொடங்குகிறது, படைக்கப்பட்டவனுடைய கதை எப்படித் தொடங்குகிறது என்பதை அருகருகே வைத்துப் பாருங்கள். விக்டரின் முதல் வாக்கியம், தான் பிறப்பால் ஜெனீவாக்காரன் என்றும் தன் குடும்பம் அந்தக் குடியரசின் சிறந்த குடும்பங்களுள் ஒன்று என்றும் சொல்கிறது. படைக்கப்பட்டவனுக்கு ஊரும் இல்லை, குடும்பமும் இல்லை. ஆகவே அவன் புலன்களிலிருந்து தொடங்குகிறான். தன் இருப்பின் தொடக்கக் காலத்தை நினைவுகூர்வதே கடினமாக இருக்கிறது என்கிறான். பார்த்தது, தொட்டு உணர்ந்தது, கேட்டது, முகர்ந்தது எல்லாம் ஒரே நேரத்தில் ஒன்றாகக் கலந்து கிடந்தன என்றும், அவற்றை வேறுபடுத்தி அறிய நெடுங்காலம் ஆயிற்று என்றும் சொல்கிறான். நகருக்கு வெளியே காட்டில் குளிரிலும் பசியிலும் உட்கார்ந்து அழுகிறான். நிலவு எழுகிறது, அது என்னவென்று தெரியாமலேயே மகிழ்கிறான். பறவைகளைப் போலப் பாட முயன்று, தன் தொண்டையிலிருந்து வரும் ஒலியைக் கேட்டு அஞ்சி வாய் மூடிக்கொள்கிறான். அணையாமல் கிடந்த நெருப்பின் வெம்மையில் மகிழ்ந்து தணலுக்குள் கையை விட்டு அலறுகிறான். இந்தப் பக்கங்கள்தாம் நாவலின் ஆகச் சிறந்த பக்கங்கள் என்பது என் எண்ணம்.

இவற்றுக்குப் பின்னால் ஜான் லாக் என்னும் ஆங்கிலத் தத்துவ அறிஞரின் சிந்தனை இருக்கிறது. மனித அறிவைப் பற்றி அவர் எழுதிய பெருநூல், மனம் தொடக்கத்தில் ஒன்றும் எழுதப்படாத வெள்ளைத்தாள் போன்றது என்றும், அனுபவமே அதில் எழுதுகிறது என்றும் வாதிட்டது. அந்நூலின் 1694ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் சேர்க்கப்பட்ட ஓர் அத்தியாயம், ஒருவர் நேற்றும் இன்றும் அதே ஆளாக இருப்பது உடலால் அன்று, தன்னைப் பற்றிய உணர்வும் நினைவும் தொடர்வதால்தான் என்று சொன்னது. மேரி ஷெல்லி இந்த நாவலை எழுதிக்கொண்டிருந்த மாதங்களில் லாக்கின் நூலைப் படித்துவந்தார் என்பது அவருடைய நாட்குறிப்பிலிருந்து தெரிகிறது.

லாக்கின் அளவுகோலை எடுத்துக்கொண்டால் ஒரு வியப்பான முடிவு கிடைக்கிறது. அந்த உடல் பலருடைய உறுப்புகளால் ஆனது. ஆயினும் அவர்களில் ஒருவருடைய நினைவும் அவனுக்குள் இல்லை. எனவே அவன் இறந்தவர்களின் மறுபிறப்பு அல்லன். அதுவரை உலகில் இல்லாத புதிய ஓர் ஆள். கடைசி அத்தியாயத்தில், பல கொலைகளுக்குப் பிறகு, கோடையின் வெம்மையையும் இலைகளின் சலசலப்பையும் பறவைகளின் ஒலியையும் முதன்முதலாக உணர்ந்த காலத்தை அவன் நினைவுகூர்கிறான். காட்டில் அழுதவனும் கொலை செய்தவனும் ஒரே ஆள்தான் என்று அந்த நினைவு நிறுவுகிறது. ஆனால் லாக் சொல்வதோடு மேரி ஷெல்லி நின்றுவிடவில்லை. தன் குழந்தைப் பருவத்தைக் கண்ட தந்தையும் இல்லை, புன்னகையோடு கொஞ்சிய தாயும் இல்லை என்று அவன் புலம்பும்போது, நம் தொடக்கத்தைப் பற்றி நாம் அறிந்திருப்பது பெரும்பாலும் பிறர் நமக்குச் சொன்னதே என்னும் உண்மை நமக்கு உறைக்கிறது. அவனுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. அவன் எடுத்துவந்த அங்கியின் பையில் விக்டரின் குறிப்பேடு இருக்கிறது. தான் உருவான நான்கு மாதங்களைப் பற்றி அவன் அறிவது, தன்னைச் செய்தவன் அருவருப்போடு எழுதிய அந்த வரிகளிலிருந்துதான்.

கேள்வி: குளத்து நீரில் தன் முகத்தைப் பார்த்து அவன் அதிர்ந்துபோகும் காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. அவன் தன்னையே வெறுக்கத் தொடங்குவது அங்கிருந்துதானா?

பதில்: ஆம், ஆனால் அதற்கு முன்பு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவன் முதலில் கண்டது தெ லேசி குடும்பத்தாரின் அழகிய முகங்களை. அந்த முகங்களே அவனுக்கு மனித முகத்தின் இலக்கணமாகிவிடுகின்றன. பிறகு நீரில் தன்னைக் காணும்போது அது தான்தான் என்று நம்ப முடியாமல் பின்வாங்குகிறான். ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ காவியத்தில் ஏவாள் புதிதாகப் படைக்கப்பட்டு ஏரி நீரில் தன் உருவத்தைக் காணும் பகுதியை மேரி ஷெல்லி இங்கே மாற்றிப் போடுகிறார் என்று கருத இடமுண்டு. ஏவாள் ஒப்பிட்டுப் பார்க்க வேறெந்த மனித முகத்தையும் காணாதவள்; தன் சாயலில் மகிழ்ந்து நிற்கிறாள். இவனோ பிறருடைய கண்ணைக் கடன் வாங்கிக்கொண்டு தன்னைப் பார்க்கிறான்.

இதோடு இணைத்துப் படிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு; என்னைப் பொறுத்தவரை நாவலின் உயிர்நாடி இதுதான். அவனுடைய பேச்சை முழுதாகக் கேட்பவர்கள் எவரும் அவனைப் பார்த்துக்கொண்டே கேட்கத் தொடங்குவதில்லை. முதியவர் தெ லேசி பார்வையற்றவர். முகத்தைக் கண்டு எடைபோட முடியாவிட்டாலும் உன் சொற்களில் உண்மை தெரிகிறது என்று அவனிடம் சொல்கிறார். பனியாற்றின் அருகே விக்டரைச் சந்திக்கும்போது, கண்ணுக்கு முன்னால் நிற்காதே என்று விக்டர் கத்த, அவன் தன் கைகளால் விக்டரின் கண்களை மூடி, இப்போதாவது என் கதையைக் கேள் என்கிறான். கடைசியில் கப்பலில் அவனை எதிர்கொள்ளும் வால்டன் (வடதுருவம் நோக்கிச் செல்லும் அந்தக் கப்பலின் தலைவன், விக்டரின் கதையைக் கேட்டு எழுதியவன்), அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் தன்னை அறியாமல் கண்ணை மூடிக்கொண்டு, அதன் பிறகே அவனை நிற்கச் சொல்கிறான். ஃபெலிக்ஸ் வீட்டுக்குள் நுழைந்து அவனைக் கண்ணால் கண்ட கணத்தில் அடி விழுகிறது. பார்வைக்கு அவன் அரக்கன். செவிக்கு அவன் மனிதன். இந்த இரண்டில் எதை ‘அவன்’ என்று கொள்வது என்னும் முடிவை மேரி ஷெல்லி நம்மிடம் விட்டுவிடுவதாகச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுத்தில் அவன் முகத்தைக் காண முடியாத வாசகர், தெ லேசியின் இருக்கையில்தான் அமர்த்தப்படுகிறார். ஆசிரியரின் சார்பு அதிலேயே தெளிவாகிவிடுகிறது.

கேள்வி: அவன் படித்த மூன்று நூல்கள் எவை? அவற்றை ஆசிரியர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டா?

பதில்: காட்டில் கிடந்த ஒரு தோல்பெட்டியில் அவனுக்குக் கிடைப்பவை மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’, பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிய வாழ்க்கை வரலாறுகளின் ஒரு தொகுதி, ஜெர்மானியக் கவிஞர் கதேயின் ‘இளம் வெர்தரின் துயரங்கள்’. வெர்தரிடம் அவன் தன்னைப் பற்றிய துயரத்தைக் கற்கிறான். புளூட்டார்க்கிடம் பொதுவாழ்வையும் பழங்கால வீரர்களையும் கற்கிறான். மில்டனிடம் தன் நிலைக்கு ஒப்புமை தேடுகிறான். படைத்தவனால் பேணப்பட்ட ஆதாமாகத் தான் இருந்திருக்க வேண்டும் என்றும், ஆனால் பிறர் மகிழ்ச்சியைக் கண்டு பொருமும் சாத்தானே தனக்குப் பொருத்தமான அடையாளம் என்றும் எண்ணுகிறான். மில்டனின் காவியத்தை அவன் கற்பனை என்று அறியாமல் உண்மை வரலாறாகவே படிக்கிறான் என்பதை மறந்துவிடக் கூடாது. நாவலின் முகப்பில் மேரி ஷெல்லி எடுத்தாண்டிருப்பதும் அதே காவியத்தில் ஆதாம் கடவுளிடம் முறையிடும் வரிகள்தாம்: என்னை மனிதனாக வனையும்படி உன்னிடம் நான் கேட்டேனா?

கேள்வி: விக்டரும் அவன் படைத்தவனும் உண்மையில் ஒரே ஆளின் இரு பாதிகள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இதை ஏற்கலாமா?

பதில்: அதற்குச் சான்றுகள் உண்டு. கல்லறையிலிருந்து அவிழ்த்துவிடப்பட்ட என் சொந்த ஆவி என்று விக்டரே அவனைப் பற்றி எண்ணுகிறான். வடதுருவப் பனியில் துரத்துகிறவன் யார், துரத்தப்படுகிறவன் யார் என்று சொல்ல முடியாதபடி இருவரும் பிணைந்துவிடுகிறார்கள். விக்டர் பின்தொடர வேண்டும் என்பதற்காக அவன் வழியில் குறிப்புகளையும் உணவையும்கூட விட்டுச் செல்கிறான். ஒருவனுடைய மறைந்த வெறியே வெளியே உருவெடுத்து நடமாடுகிறது என்னும் வாசிப்பு, ஒரே மனிதன் நல்லவனாகவும் தீயவனாகவும் மாறிமாறி வாழும், 1886இல் வெளிவந்த ஸ்டீவன்சனின் ஜெகில்–ஹைட் கதைக்கு முழுமையாகப் பொருந்தும், ஏனெனில் அங்கே இருப்பது ஒரே உடல். இங்கே அதைப் பாதியளவுக்கே ஏற்பேன். அவனுக்கு விக்டரிடம் இல்லாத அனுபவங்கள், விக்டர் படிக்காத வகையில் படித்த நூல்கள், விக்டர் அறியாத ஒரு குடும்பத்தின் மேல் பற்று ஆகியவை உண்டு. அவனை விக்டரின் நிழலாகச் சுருக்கிவிட்டால், அவனைத் தனி ஆளாகக் கொள்ள மறுத்த விக்டரின் பிழையையே நாமும் செய்தவர்களாவோம்.

நாவலின் அமைப்பும் இதில் கவனிக்கத்தக்கது. அவன் விக்டரிடம் சொல்ல, விக்டர் வால்டனிடம் சொல்ல, வால்டன் இங்கிலாந்திலுள்ள தன் சகோதரி மார்கரெட்டுக்குக் கடிதங்களாக எழுத, அவற்றை நாம் படிக்கிறோம். வால்டன் எழுதிவைத்த குறிப்புகளை விக்டர் வாங்கிப் பல இடங்களில் திருத்தியதாகவும் விரித்ததாகவும் நாவலே சொல்கிறது. அத்தனை கைகளைக் கடந்து வந்த பிறகும் அந்தக் குரல் விக்டரின் குரலாக ஒலிக்கவில்லை. அது தன் சொந்த வேகத்தோடும் நயத்தோடும் நம்மை வந்தடைகிறது.

கேள்வி: அவனுடைய துயரம் புரிகிறது. ஆனால் ஒரு சிறுவனையும் குற்றமற்ற பிறரையும் கொன்றவனை ‘சமூகம் அவனை அப்படி ஆக்கிவிட்டது’ என்று சொல்லி மன்னித்துவிட முடியுமா?

பதில்: முடியாது, நாவலும் மன்னிக்கவில்லை. தான் நல்லவனாகவே இருந்ததாகவும் துன்பமே தன்னைத் தீயவனாக்கியதாகவும் அவன் வாதிடுவது உண்மைதான். ஆனால் விக்டரின் தம்பி வில்லியமைக் கொன்ற பிறகு, உறங்கிக்கொண்டிருந்த பணிப்பெண் ஜஸ்டினின் உடையில் அந்தச் சிறுவனின் பதக்கத்தை அவன் வைத்துவிடுகிறான். கொலைப்பழி அவள் மேல் விழ வேண்டும் என்று எண்ணியே வைக்கிறான். அது ஆத்திரத்தில் நிகழ்ந்ததன்று, சூழ்ச்சி. கடைசிக் காட்சியில் வால்டன் அவனைக் கண்டிக்கும்போது, உங்கள் வெறுப்பு என்மீது எனக்குள்ள வெறுப்புக்கு ஈடாகாது என்கிறான். தன் செயல்களைத் தன்னுடையவை என்று ஏற்பதும் தான் என்னும் உணர்வின் ஒரு பகுதியே. அதில் அவன் விக்டரை விஞ்சி நிற்கிறான். உயிர் பிரியும் நேரத்திலும் விக்டர், தன் கடந்தகால நடத்தையில் பழிக்கத்தக்கதாக எதையும் காணவில்லை என்றே சொல்கிறான்.

ஜஸ்டினைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் அவளைக் கடந்துபோய்விடுகிறார்கள். செய்யாத கொலையை அவள் சிறையில் ஒப்புக்கொள்கிறாள். அவளுடைய பாவ அறிக்கையைக் கேட்க வந்த பாதிரியார் நரகத்தைக் காட்டி அச்சுறுத்திக்கொண்டே இருந்ததால், அவர் சொன்ன அரக்கி நான்தானோ என்று எனக்கே கிட்டத்தட்டத் தோன்றிவிட்டது என்கிறாள். படைக்கப்பட்டவனுக்கு நேர்ந்தது விகாரமான உடலால் வந்த விதிவிலக்கு என்று எண்ணுகிறவர்களுக்கு இந்த ஒரு வாக்கியமே பதில். அழகும் அன்பும் நற்பெயரும் உடைய ஒரு பெண்ணைக்கூட, போதிய அதிகாரம் உள்ளவர்கள் சேர்ந்து சொல்லிச் சொல்லி, அவளுடைய சொந்த நினைவுக்கு எதிராகவே அரக்கி என்று நம்பவைக்கும் நிலைக்குத் தள்ளிவிட முடிகிறது. உண்மை அறிந்த விக்டர் வாய் திறக்கவில்லை. அவள் தூக்கிலிடப்படுகிறாள்.

இன்னொன்று. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளுள் ஒன்றில், தான் படைத்தவனுக்கு வாக்களித்தபடி அவனுக்குத் துணையாக ஒரு பெண் படைப்பைச் செய்துகொண்டிருக்கும் விக்டர், அவளும் சிந்திக்கும் உயிராக இருப்பாள், தான் பிறக்குமுன் பிறர் செய்துகொண்ட உடன்படிக்கையை ஏற்க மறுக்கலாம் என்று எண்ணுகிறான். தான் படைக்கும் உயிருக்குத் தனக்கென ஒரு மனம் இருக்கும் என்பதை விக்டர் முன்கூட்டியே உணரும் ஒரே இடம் இது. அந்த உணர்வு வந்ததும் அவன் செய்வது, பாதியில் நின்ற அந்த உடலைக் கிழித்தெறிவது.

கேள்வி: ஆசிரியரின் வாழ்க்கைக்கும் இந்தக் கருத்துக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு, ஆனால் அளவோடு சொல்ல வேண்டும். மேரி 1797 ஆகஸ்ட் 30இல் பிறந்தார். பெண்ணுரிமைச் சிந்தனையாளரான அவருடைய தாய் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், பிரசவத்தின் பின்விளைவால் செப்டம்பர் 10இல் இறந்தார். மகளுக்கு இருந்தது இறந்த தாயின் பெயரே. 1815இல் குறைமாதத்தில் பிறந்த அவருடைய முதல் குழந்தை பெயரிடப்படாமலேயே சில நாட்களில் இறந்தது. அது உயிர் பெற்று எழுவதாகக் கனவு கண்டதை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். மறு ஆண்டுக் கோடையில், ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர் பைரனோடும், பின்னர் தன் கணவரான கவிஞர் பெர்சி ஷெல்லியோடும் தங்கியிருந்தபோது கதை உருவானது. அப்போது அவருக்கு 18 வயது. நாவல் ஆசிரியர் பெயரில்லாமல் 500 படிகள் அச்சானது. அதை எழுதியவர் பெர்சி ஷெல்லி என்றே எண்ணி நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் மதிப்புரை எழுதினார். தான் எழுதியதைத் தன்னுடையது என்று அறிவிக்க மேரி 1823 வரை, இரண்டாம் பதிப்பு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இவற்றை வைத்து நாவலை வாழ்க்கை வரலாறாகப் படிக்கக் கூடாது. எனினும், பெயரும் பிறப்பும் அவருக்கு வெறும் தத்துவப் பொருளாக இருந்திருக்கவில்லை என்று சொல்லலாம்.

கேள்வி: 1818, 1831 என இரண்டு பதிப்புகள் கிடைக்கின்றன. எதைப் படிப்பது?

பதில்: நாம் பேசிக்கொண்டிருக்கும் பொருளுக்கு 1818ஆம் ஆண்டுப் பதிப்பையே பரிந்துரைப்பேன். முதற்பதிப்பில் விக்டர் பெரும்பாலும் தானே முடிவெடுக்கிறான். தன் படைப்பிடம் திரும்பிப் போய்ப் பொறுப்பேற்கும் வாய்ப்பு அவனுக்குப் பலமுறை கிடைக்கிறது, அவன் ஏற்கவில்லை. 1831ஆம் ஆண்டுத் திருத்தத்தில் விதியின் கை ஓங்குகிறது. பேராசிரியர் வால்ட்மனின் உரையைக் கேட்கும்போது, தன் இருப்பின் இயந்திர விசைகள் ஒவ்வொன்றாகத் தொடப்பட்டதைப் போல உணர்ந்ததாக விக்டர் சொல்லும் வரி பின்னர் சேர்க்கப்பட்டது. தேர்ந்தெடுக்கும் மனிதன் அங்கே இயக்கப்படும் கருவியாகிவிடுகிறான். விக்டர் மணக்கும் எலிசபெத்தும் முதற்பதிப்பில் அவனுடைய அத்தை மகள். பிந்தைய பதிப்பில் ஏழைக் குடும்பத்தில் வளர்ந்து தத்தெடுக்கப்பட்ட அனாதை. ஆயினும் கதை பிறந்த விதத்தை மேரி ஷெல்லி தாமே விவரிக்கும் முன்னுரை 1831ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இருக்கிறது. ஆகவே முதற்பதிப்பை முழுதாகப் படித்து முடித்த பின், அந்த முன்னுரையைத் தனியே தேடிப் படியுங்கள்.